எழுபத்தொன்பதில் விழ வேண்டியது

ஆனி மாதத்துக் கடைசி வியாழக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, மேற்கே மலையில் சாரல் பிடித்திருந்ததால் எங்கள் ஊருக்கு மழையில்லாத வெறும் ஈரக்காற்று மட்டும் வந்து, புழுதியைக் கிளப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வேளையில், எழுபத்தொன்பதாம் ஆண்டு விழ வேண்டிய விண்கூடம் ஆலங்குறிச்சிக் குளத்தடி வயலில் வந்து விழுந்தது.

விழுந்தது என்று சொல்வது ஒரு வழக்கத்துக்காகத்தான். துவைத்த சேலையை இரண்டு பெண்கள் முனை பிடித்துத் தாழ்த்தி மடிப்பார்களே, அந்த நிதானத்தில் அது இறங்கியது. இரண்டு பேருந்துகளை ஒட்டவைத்த நீளமும், ஒரு பக்கம் மட்டும் கதவைப் போல விரிந்திருந்த இறக்கையும், இத்தனை காலம் வெயில் குடித்து வெளிறிப்போன வெள்ளை நிறமுமாக, யாருக்கும் தொந்தரவு கொடுத்துவிடக் கூடாது என்று எண்ணி வருகிற விருந்தாளியைப் போல, வரப்பை ஒட்டிப் படுத்துக்கொண்டது. பக்கத்தில் மிளகாய்க்குக் களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மிச்சமிருந்த அரைப் பாத்தியையும் முடித்துவிட்டுத்தான் ஊருக்குள் வந்து சொன்னார்கள்.

"வந்துட்டா?" என்றார் டீக்கடை சுடலைமுத்து, பாலை ஆற்றியபடியே. "பேப்பர்ல போட்டது பொய்யாப் போகுமாவே? கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும், அவ்வளவுதான்."

"கொஞ்சமா? அன்னைக்குப் பேப்பர் போட்டவனே போய்ச் சேந்துட்டான்" என்றது பெஞ்சிலிருந்து ஒரு குரல்.

அது எது என்று ஆலங்குறிச்சியில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுபத்தொன்பதாம் ஆண்டு இதே ஆனியில், மதியப் பேருந்திலிருந்து இறக்கிய செய்தித்தாளில், எட்டுப் பத்தி அகலத்துக்கு 'இன்று விழுகிறது' என்று தலைப்பு வந்திருந்தது. வேற்று நாட்டார் வானத்தில் சுற்றவிட்டிருந்த ஆய்வுக்கூடம் ஒன்று பிடி தளர்ந்து பூமிக்குத் திரும்புகிறது என்றும், எங்கே விழும் என்று அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை என்றும் கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. எங்கே என்று தெரியாத ஒன்று எங்கள் ஊரில்தான் விழும் என்பதில் ஆலங்குறிச்சிக்கு ஐயமே எழவில்லை. ஊரே அன்று ஆட்டையும் கோழியையும் அறுத்தது. பேச்சில்லாத பங்காளிகள் ஒருவர் வீட்டுக் குழம்பை மற்றவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். நம்பாதவர்களோ, தங்கள் நம்பாமைக்கு ஊர்முன் வாக்குக் கொடுத்தார்கள். "நம்ம ஊர் எல்லைக்குள்ள விழுந்தா ஒரு பக்க மீசையை எடுத்துக்கிடுதேன்" என்று முறுக்கு மீசைக் கந்தையா சொன்னார். "விழுந்தால் தலைகீழாக நிற்கிறேன்" என்று ஆறாம் வகுப்புக்கு அறிவியல் நடத்திய இருதயராஜ் வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் நின்று சொன்னார். நம்பிய சுடலைமுத்துவும், விழுந்த மறுநாள் ஊருக்கே டீ என்று சொன்னார், குடிக்க ஊர் இருக்காது என்ற தைரியத்தில். அடுத்த நாள் செய்தித்தாள், அது தொலைதூரத்துக் கடலிலும் மணற்காட்டிலும் சிதறி விழுந்துவிட்டதாகத் தெரிவித்தது. உலகம் அப்படியே இருந்தது. சேவல் இல்லாததால் ஊர் அன்று தாமதமாக விழித்தது.

மற்றவர்களுக்கு அது கோழிகளோடு போயிற்று. கிணற்றடி வளவில் மட்டும் போகவில்லை.

அந்த வளவில், ஒரே வாசலுக்குள் எதிரெதிராக இருந்த இரண்டு வீடுகளில், அண்ணன் தம்பி இருவரின் மனைவிமார் வாழ்ந்தார்கள். மூத்தவள் ஆவுடையம்மாள். இளையவள் செண்பகவடிவு, எழுபத்தொன்பது தை மாதத்தில்தான் வேலாயுதத்தைக் கட்டிக்கொண்டு அந்த வாசலுக்குள் வந்தவள். செய்தி வந்த அன்று ஆவுடையம்மாள் கைக்குழந்தை தங்கராணியோடு பிறந்த வீட்டில் இருந்தாள். சாவதானால் புகுந்த வீட்டில் சாவதே முறை என்று மாலைப் பேருந்து பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது, செண்பகவடிவு இலை போட்டுச் சோறும் கோழிக்குழம்புமாகப் பரிமாறினாள். பசியோடும் கடைசிச் சாப்பாடு என்ற கவனத்தோடும் ஆவுடையம்மாள் சாப்பிட்டாள், மறுசோறு வாங்கினாள், "குழம்பு நல்லாருக்குட்டி, ஒங்க அம்மை கைப்பக்குவமா?" என்றுகூடக் கேட்டாள். விடிந்ததும், சாகாமல் இருந்ததில் ஏற்பட்ட உற்சாகத்தோடு, தன் கருங்கோழி அடைகாத்துக்கொண்டிருந்த கூடையைத் திறந்து பார்த்தாள். முட்டைகள் மட்டும் இருந்தன. தொட்டால் குளிர்ந்தன.

"உலகமே இருக்காதுன்னு சொன்னாங்களே அக்கா" என்றாள் செண்பகவடிவு.

ஆவுடையம்மாள் கிணற்றைப் பார்த்துக்கொண்டு, வளவு முழுக்கக் கேட்கும்படிச் சொன்னாள்: "அந்தக் கருமாந்திரம் இந்த ஊர் எல்லைக்குள்ள விழட்டும். அன்னைக்கு இவ செஞ்சது சரின்னு ஒத்துக்கிட்டு இவகிட்ட வாய் திறக்கேன்."

அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் ஒருவரோடொருவர் பேசவில்லை. ஆனால் பேசாமல் இருந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆவுடையம்மாள் கொடிக்கயிற்றிடம் பேசினாள். செண்பகவடிவு ஆட்டிடம் பேசினாள். "கயிறே, மழை வாரது தெரியல போலிருக்கு சில பேருக்கு, வத்தல் நனையுது" என்று இங்கிருந்து எழும். "ஆடே, கண்ணு தெரியாதவங்களா நாம? எடுத்துக்கிட்டுத்தானே இருக்கோம்" என்று அங்கிருந்து பதில் வரும். அந்த ஆடு செத்தால் அதன் குட்டி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. பிரசவம், காய்ச்சல், திருமணம், சீட்டு, சம்பந்தி சண்டை எல்லாமே ஆடு வழியாகவும் கயிறு வழியாகவும் நடந்தன. மிக அவசரமானவற்றுக்கு மட்டும் வேலாயுதம் நடுவில் நிறுத்தப்பட்டார். ஆவுடையம்மாளின் கணவர் இறந்த அன்று செண்பகவடிவு ஓடிவந்து மூத்தவளைக் கட்டிக்கொண்டு, "எங்க அக்காவை யாரை நம்பி விட்டுட்டுப் போறீரு அத்தானே" என்று மணிக்கணக்கில் அழுதாள். ஒப்பாரியில் இறந்தவரிடம்தான் பேசுகிறார்கள் என்பதால் அதில் வாக்கு எதுவும் மீறப்படவில்லை. அடக்கம் முடிந்து வந்ததும் அவள் ஆட்டிடம், காப்பி போட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள்.

இப்போது ஆவுடையம்மாள் ஊரைவிட்டுப் போகிறாள். தனியாக இருக்க முடியாத வயதாகிவிட்டது என்று மகள் தங்கராணி ஓசூரிலிருந்து வேன் ஏற்பாடு செய்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வேன். வியாழக்கிழமை முழுவதும் ஆவுடையம்மாள் மூட்டை கட்டினாள். செண்பகவடிவு முற்றத்தில் ஆட்டை நிறுத்திவைத்துக்கொண்டு, ஓசூரில் குளிர் அதிகமாம் ஆடே, கம்பளி மேலாக இருக்க வேண்டும் ஆடே, போகிறவர்கள் போய்விட்டால் இனி நீ யாரிடம் கேட்டு யாருக்குச் சொல்லப்போகிறாய் ஆடே என்று பேசிக்கொண்டே இருந்தாள். கொடிக்கயிறு அவிழ்க்கப்பட்டு மூட்டைக்குக் கட்டாகிவிட்டதால் அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் அது விழுந்தது.

எல்லோரையும்விட வேகமாகக் குளத்தடிக்குப் போனவள் செண்பகவடிவு. அவள் பின்னாலேயே ஊர் அங்கே கூடி, வந்த பொருளைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, அது கிடக்கும் இடத்தைப் பற்றிய வழக்கில் இறங்கியது. ஆலங்குறிச்சிக்கும் நொச்சிக்குளத்துக்கும் நடுவில் உள்ள எல்லைக்கல் அந்த வரப்பில்தான் நிற்கிறது. விண்கூடத்தின் உடம்பு கல்லுக்கு அந்தப் பக்கம். இறக்கை மட்டும் கல்லைத் தாண்டி எங்கள் பக்கம் நீண்டு, தரையில் படாமல், முழ உயரத்தில் நின்றது.

கிராம நிர்வாக அலுவலர், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண், கல்லிலிருந்து கல்லுக்குக் கயிறு பிடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "நொச்சிக்குளம்தான். றெக்கை நம்ம பக்கம் வந்திருக்கு, ஆனா மண்ணுல படல."

"நிழல் நம்ம மண்ணுலதானம்மா விழுது?" என்று கேட்டாள் களையெடுத்த பெண்களில் ஒருத்தி.

"நிழலுக்குப் பட்டா கிடையாதும்மா."

கந்தையா, இப்போது வெள்ளி நிறமாகிவிட்ட மீசையை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தடவிக்கொண்டார். பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்த இருதயராஜ் வாத்தியார் கர்த்தருக்கு நன்றி சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சார், தப்பிச்சிட்டீங்க" என்று அவருடைய பழைய மாணவன் ஒருவன், பல் விழுந்த வாயோடு, வருத்தமாகச் சொன்னான். நொச்சிக்குளத்துக்காரர்கள் இருவர் சைக்கிளில் வந்து பார்த்து, தங்கள் ஊரில் யாரும் எதுவும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை என்றும், ஆகவே இதனால் தங்களுக்கு ஒரு பயனும் இல்லை என்றும், மழைக்காலத்தில் ஆடு அடைக்க ஆகுமா என்று பஞ்சாயத்தில் கேட்டுச் சொல்வதாகவும் கூறிவிட்டுப் போனார்கள்.

கூட்டம் கலைய மனமில்லாமல் வேறு பேச்சுக்கு மாறியது. இதுவே வந்துவிட்டது என்றால், அந்தக் காலத்துத் தலைப்புகளில் இன்னும் எவையெவை வழியில் இருக்கின்றன? 'ஆலங்குறிச்சிக்கு ரயில்: அமைச்சர் உறுதி' என்று ஒரு முறை வந்திருந்தது. 'மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு விரைவில் நீங்கும்' என்று பலமுறை வந்திருந்தது. இப்போது யாரிடமும் மண்ணெண்ணெய் அடுப்பே இல்லையே, வந்தால் எதில் ஊற்றுவது என்று கவலைப்பட்டார்கள். 'சிறுத்தை நடமாட்டம்' என்ற தலைப்பை ஒருவர் நினைவுபடுத்தியதும், அதன் கீழே பிறகு என்ன போட்டிருந்தது, பிடித்தார்களா இல்லையா என்று யாருக்கும் ஞாபகம் வராததால், தாய்மார்கள் பிள்ளைகளை வரப்பிலிருந்து இறங்கிப் பக்கத்தில் வந்து நிற்கச் சொன்னார்கள்.

செண்பகவடிவு வளவுக்குத் திரும்பினாள். மூத்தவள் வாசற்படியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். இளையவள் ஆட்டின் கழுத்தைத் தடவினாள்.

"கல்லுக்கு அந்தப் பக்கமாம், ஆடே" என்றாள். "ரெண்டு முழம். ரெண்டே ரெண்டு முழம் தள்ளி. வாரது வந்துச்சு, கொஞ்சம் பாத்து வந்திருக்கக் கூடாதா?"

சொல்லிவிட்டு, ஆட்டின் கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

ஆவுடையம்மாள் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, சேலை முந்தியை இடுப்பில் செருகி, செருப்பைத் தேடாமல், வாசலைக் கடந்து தெருவில் இறங்கினாள். "மதினி, எங்க இந்நேரத்துல?" என்று வேலாயுதம் கேட்டது அவள் காதில் விழவில்லை. அவர் பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் செண்பகவடிவும், கயிற்றின் மறுமுனையில் ஆடும் நடந்தார்கள். ஆவுடையம்மாள் குளத்தடிக்கு வந்தபோது சூரியன் மலைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் வழிவிட்டது. அவள் வரப்பைத் தாண்டி நொச்சிக்குளத்து மண்ணில் இறங்கி, விண்கூடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், வாங்கப்போகும் மாட்டைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்து, இரண்டு கைகளையும் அதன் வயிற்றில் வைத்துத் தள்ளினாள்.

அது நகர்ந்தது. வானத்தில் இருந்து வந்ததை விழுந்த இடத்தைவிட்டு அசைக்கக் கூடாது என்று எங்களில் யாரும் அதுவரை அதைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்கவில்லை. எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்ணின் கைக்கு அது காலித் தகரப் பெட்டியைப் போல ஒரு சாண் நகர்ந்து கொடுத்தது.

"மதினி, மதினி! இது அநியாயம்" என்று கந்தையா ஓடிவந்தார். "தானா விழுந்தாத்தான் விழுந்தது. தள்ளிக் கொண்டாறது என்ன நியாயம்?"

"அண்ணாச்சி, உங்க மீசைக்கு நான் நியாயம் பாக்க முடியாது. நாளைக்கு எனக்கு வேன் வருது" என்றாள் ஆவுடையம்மாள், தள்ளுவதை நிறுத்தாமல்.

ஆனால் ஒரு முனையை மட்டும் தள்ளியதால் அது நேராக வராமல் சுழன்றது. அவள் இந்த முனையைக் கல்லை நோக்கித் தள்ளினால் அந்த முனை கல்லைவிட்டு விலகியது. மூச்சு வாங்கிக்கொண்டு அந்த முனைக்கு நடந்துபோய் அதைத் தள்ளினால் இந்த முனை விலகியது. வாக்கில் மாட்டியிருந்தவர்கள் உதவவில்லை. மற்றவர்களுக்கு, இது அவளுடைய வழக்கு, நாம் கைவைக்கலாமா என்று தயக்கம். இறக்கை எல்லைக்கல்லின் தலைக்கு மேலே போவதும் வருவதுமாக இருந்தது. மூன்றாவது முறை முனை மாறி வந்தபோது அவள் தள்ளுவதை நிறுத்தினாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவளின் எதிரே, ஆட்டுக்கயிற்றைப் பிடித்தபடி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு செண்பகவடிவு நின்றாள்.

"ஏட்டி செண்பகம், என்ன மரம் மாதிரி நிக்கே? அந்தத் தலைப்பைப் பிடிச்சுத் தள்ளு" என்றாள் ஆவுடையம்மாள்.

காற்று மட்டும் இறக்கைக்கு அடியில் போய்வந்துகொண்டிருந்தது. முதலில் சுதாரித்தவர் கந்தையாதான்.

"பேசிட்டா! இன்னும் கல்லைத் தாண்டல, அதுக்கு முன்ன பேசிட்டா! எல்லாரும் கேட்டியள்லா? வாக்குப் போச்சு. அப்போ எல்லார் வாக்கும் போச்சு!"

"நீரு செத்த சும்மா இரும் அண்ணாச்சி" என்று செண்பகவடிவு ஆட்டுக்கயிற்றை அவர் கையில் திணித்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள். ஆட்டைப் பார்க்காமல், சுவரைப் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்தாள். பழக்கமில்லாததால் குரல் தேவைக்கு மேல் உயர்ந்து வந்தது.

"எங்கன பிடிக்க அக்கா?"

"தகரம் சேருற இடத்துல மொழி இருக்குல்லா, அதுல. குனியாதே, ஒனக்கு இடுப்புவலி."

"அது போன வருசமே சரியாப் போச்சே."

"எனக்கு யாரு சொன்னா? ஒன் ஆடு சொல்லலையே."

இரண்டு பேரும் தள்ளினார்கள். களையெடுத்த பெண்களும், பிறகு அவர்களுடைய பெண்களும் நடுவில் வந்து கைவைத்தார்கள். விண்கூடம் நேராக வரப்பேறி, எல்லைக்கல்லைத் தொடாமல் அதன்மேல் தவழ்ந்து, ஆலங்குறிச்சி மண்ணில் இறங்கி, ஒரு பெருமூச்சைப் போலப் புழுதி கிளப்பிவிட்டு அமர்ந்தது. கிராம நிர்வாக அலுவலர் கயிற்றைச் சுருட்டிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஓரகத்திகள் இருவரும் அதன் மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள். மூச்சு அடங்கிய பிறகு ஆவுடையம்மாள் சொன்னதைப் பக்கத்தில் நின்ற நாங்கள் சிலர் கேட்டோம்.

"அந்தக் குழம்பு நல்லாத்தான் இருந்துச்சு. மறுசோறு வாங்கித் தின்னேன் பாரு. அதுதாண்டி எனக்குக் கோவம்."

செண்பகவடிவு சிரித்தாளா அழுதாளா என்று முந்தியால் முகத்தை மூடிக்கொண்டதால் தெரியவில்லை. வேலாயுதம் கொஞ்சம் தள்ளி நின்றார். அவரைக் கூப்பிட்டு யாரும் எதையும் யாரிடமும் சொல்லச் சொல்லாததால் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, வாக்குப் போயிற்றா நின்றதா என்பதை ஊர் முடிவு செய்யவில்லை. அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. கந்தையா முதல் ஆளாகச் சவரக் கடைக்குப் போய், நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்து, இடது பக்க மீசையை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி அந்தப் பக்கமாக நின்று பார்த்து, பொண்ணு பார்க்க வந்தபோது இப்படித்தான் இருந்தீர்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். இருதயராஜ் வாத்தியார் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டித் தலையணை போட்டு, பேரன் பேத்தி எடுத்த பழைய மாணவர்கள் காலுக்கு நான்கு பேராகப் பிடித்துக்கொள்ள, தலைகீழாக நின்று, அந்த நிலையிலேயே ஈர்ப்பு விசையைப் பற்றி ஒரு வாக்கியம் சொன்னார். சுடலைமுத்து ஊருக்கே டீ ஊற்றினார். ஊருக்கு அது பத்தவில்லை. கிராம நிர்வாக அலுவலர் தம் ஸ்கூட்டரை விண்கூடத்தின் இறக்கைக்கு அடியில் நிழல் பார்த்து நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கு நடந்து போனார். ஒரு குடும்பம் பெட்டி படுக்கையோடு போய், ரயில் நிலையம் வருவதாக இருந்த பொட்டலில் வெயிலுக்கு முன்பே இடம் பிடித்து உட்கார்ந்தது. ஆடு முற்றத்தில் நின்று, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்தது.

இதற்கிடையே ஏழு மணிக்கு வேன் வந்தது. மூட்டைகள் ஏறின. ஆவுடையம்மாள் ஏறினாள். செண்பகவடிவு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, தன் இரண்டாவது பிரசவத்தில் நடந்தது இன்னதென்று, ஆட்டிடம் சொல்ல முடியாமல் விட்டுவைத்திருந்ததை, விடியற்காலையில் சொல்லத் தொடங்கியவள், பாதிகூட வந்திருக்கவில்லை. ஓட்டுநர் இரண்டு முறை ஒலி எழுப்பினார். "ஏட்டி, மெயின் ரோடு வரைக்கும் வந்து சொல்லிட்டு இறங்கிக்கோ" என்றாள் மூத்தவள். இளையவள் வீட்டுச் சேலையோடு, காலில் செருப்பில்லாமல், ஏறி உட்கார்ந்துகொண்டாள். மெயின் ரோட்டில் வேன் நிற்கவில்லை. ஜன்னலிலிருந்து ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, "அடுப்புல உலை வச்சிருக்கேன், பாத்துக்கிடுங்க" என்று செண்பகவடிவின் குரல் வந்ததையும், "ஓசூர்ல நல்ல செருப்பு கெடைக்கும்டி" என்று மற்றொரு குரல் அதை இடைமறித்ததையும் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கேட்டார்கள். வேலாயுதம் உள்ளே போய், கொதித்துக்கொண்டிருந்த உலையின் முன்னால் நின்று, ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று யாரைக் கேட்பது எனத் தெரியாமல், படியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்ற ஆட்டைப் பார்த்தார்.